‘வீச்சகம் மூடியதெனில்’ என்ற அந்த ஒரு நிபந்தனை

கேள்வியின் சாரம் இது: அணிகளுக்கு மூர்–பென்ரோஸ் நேர்மாறு (சாதாரண நேர்மாறு இல்லாத அணிக்கும் கிடைக்கும் பொதுமை நேர்மாறு) எப்போதும் உண்டு, அதுவும் ஒன்றே ஒன்றுதான் என்று படித்தாயிற்று. அதையே ஹில்பர்ட் வெளிக்கு, அதாவது நீளமும் செங்குத்தும் அளக்கத்தக்க, முடிவிலிப் பரிமாணமும் இருக்கக்கூடிய திசையன் வெளிக்குக் கொண்டுபோனால் ஒவ்வொரு தேற்றத்தின் தலையிலும் ‘செயலியின் வீச்சகம் மூடியதெனில்’ என்று ஒரு நிபந்தனை ஏறி உட்கார்ந்துகொள்கிறது. அது எதற்கு? அது பொய்த்துவிட்டால் சமன்பாட்டைத் தீர்க்கவே முடியாதா?

முதன்முதலில் படித்தபோது நானும் அந்த வரியைச் சம்பிரதாயம் என்று நினைத்துத் தாண்டிப் போனவன்தான். பொதுமை நேர்மாறின் இயற்கணிதம் அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். மீதிப் பாடம் முழுவதும் அந்த ஒரு வரிக்குள் இருக்கிறது என்பது பிறகுதான் புரிந்தது. அதனால் இயற்கணிதத்தை வேகமாகக் கடந்து, அந்த வரியில் நிதானமாக நிற்கிறேன்.

குறியீடுகளை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘த’ என்பது தரப்பட்ட நேரியல் செயலி, ‘க’ காண வேண்டியது, ‘வ’ வலப்பக்கம். ஆக நம் சமன்பாடு

த க = வ

த* என்பது இணைச்செயலி (அணிகளில் இடமாற்று அணிக்கு நிகரானது), த† என்பது மூர்–பென்ரோஸ் நேர்மாறு, இ என்பது சமனிச் செயலி. த எந்தத் திசையன்களையெல்லாம் பூச்சியமாக்குகிறதோ அவற்றின் தொகுதி உட்கரு. த க என்ற வடிவில் கிடைக்கும் திசையன்களின் தொகுதி வீச்சகம்; அதிலுள்ள திசையன்கள் நெருங்கும் எல்லையும் அதற்குள்ளேயே இருந்தால் அது மூடியது. வேறு விதமாகச் சொல்லாதவரை, த ஒரு ஹில்பர்ட் வெளியிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் வரம்புடைய செயலி (எந்தத் திசையனின் நீளத்தையும் ஒரு குறித்த மடங்குக்கு மேல் பெருக்காதது).

ஒரு கணக்கு ஒழுங்காக அமைந்தது என்று சொல்ல மூன்று வேண்டும் என்பது ஹடமார்டின் பெயரால் வழங்கும் வரையறை: தீர்வு இருக்க வேண்டும், ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டும், வலப்பக்கம் சற்றே நகர்ந்தால் தீர்வும் சற்றே நகர வேண்டும். அணிகளோடு மட்டும் பழகியவர்களுக்கு முதல் இரண்டும்தான் கண்ணில் படும். மூன்றாவது அங்கே தானாகவே கிடைத்துவிடுகிறது. பொதுமை நேர்மாறு என்ற கருவி முதல் இரண்டு குறைகளைச் சரிசெய்யப் பிறந்தது. மூன்றாவதை அதனால் சரிசெய்ய முடியாது. வீச்சகம் மூடியதா என்ற கேள்வி அந்த மூன்றாவதைப் பற்றியது.

முதல் இரண்டு குறைகளும் ஒரே இடத்தில் இருக்கும் மிகச் சிறிய கணக்கு இது: க₁ + க₂ = 2, க₁ + க₂ = 4. இரண்டும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன, ஆகவே தீர்வு இல்லை. சரி, மீச்சிறு வர்க்க முறைப்படி சமாதானம் செய்யலாம் என்றால் க₁ + க₂ = 3 என்று வருகிறது; இப்போது தீர்வுகள் எண்ணற்றவை. அவற்றுள் நீளம் மிகக் குறைந்தது (1.5, 1.5). நடந்தது இரண்டு படி. முதலில் (2, 4) என்ற வலப்பக்கத்தை வீச்சகத்தின் மீது செங்குத்தாக இறக்கி (3, 3) ஆக்கினோம். பிறகு (3, 3)-க்குப் போய்ச்சேரும் எல்லாப் புள்ளிகளிலும் உட்கருவுக்குச் செங்குத்தாக இருப்பதைப் பொறுக்கினோம். த† என்பது இந்த இரண்டு படிகளின் சேர்க்கை, அவ்வளவுதான். இங்கே நான்கு உறுப்புகளும் 1 ஆக உள்ள அணிக்கு, நான்கு உறுப்புகளும் 1/4 ஆக உள்ள அணியே த†. பெருக்கிப் பாருங்கள், அதே (1.5, 1.5) வரும்.

இந்த வடிவியலை பென்ரோஸ் 1955இல் நான்கு சமன்பாடுகளாக எழுதினார். ஸ என்பது த†-ஆக இருக்க வேண்டுமானால்

த ஸ த = த,  ஸ த ஸ = ஸ,  (த ஸ)* = த ஸ,  (ஸ த)* = ஸ த

கடைசி இரண்டும் சொல்வது, த ஸ, ஸ த இரண்டும் செங்குத்து வீழல்கள் என்பதை. தீர்வுகளைக் கண்டுபிடிக்க மட்டும் என்றால் முதல் சமன்பாடே போதும். அதை நிறைவுசெய்யும் எந்த ஸ-வையும் உள் நேர்மாறு என்பார்கள். அப்படி ஒன்று கையில் இருந்தால், த ஸ வ = வ என்பது தீர்வு இருப்பதற்கான சோதனை; தேறினால் எல்லாத் தீர்வுகளும்

க = ஸ வ + (இ − ஸ த) ய

என்ற வடிவில் கிடைக்கும். ய என்பது உங்கள் விருப்பம். புள்ளியியலில் சி. ஆர். ராவ் பொதுமை நேர்மாறை இந்த நெகிழ்வான பொருளில்தான் கையாண்டார். அவரும் மித்ராவும் 1971இல் எழுதிய நூலிலும் இந்தப் பார்வையே அடிப்படை. அங்கே பல வேளைகளில் எந்த ஸ-வை எடுத்தாலும் இறுதி மதிப்பீடு மாறாது. அப்படியிருக்க நான்கு சமன்பாடுகளையும் சுமப்பது வீண் வேலை.

பொறி ஒன்றையும் சொல்லிவிட்டு மேலே போகிறேன். சாதாரண நேர்மாறுக்கு, பெருக்கலின் நேர்மாறு வரிசை மாறி வரும். த†-க்கு அது பொதுவாகப் பொய். (1 1) என்ற ஒற்றை வரிசை அணியை, மேலே 1 கீழே 0 உள்ள ஒற்றை நிரல் அணியால் பெருக்கினால் 1. அதன் நேர்மாறும் 1. தனித்தனியே பொதுமை நேர்மாறு எடுத்து வரிசை மாற்றிப் பெருக்கினால் வருவது 1/2. தேர்வுத் தாள்களில் இது விழவைக்கும் இடம். எப்போது மெய்யாகும் என்பதற்குக் கிரெவில் 1966இல் நிபந்தனை தந்தார்.

அணிகளில் பிறந்த கருத்து பிறகு செயலிகளுக்கு நீண்டது என்ற எண்ணம் உங்கள் கேள்வியில் தொனிக்கிறது. வரலாறு நேர் எதிர்த் திசையில் நடந்தது. ஃபிரெட்ஹோம் 1903இல் தொகையீட்டுச் சமன்பாடுகளை ஆராயும்போதே தொகையீட்டுச் செயலிக்கு ஒரு போலி நேர்மாறு கொடுத்துவிட்டார். 1904இல் ஹில்பர்ட் பேசிய பொதுமைப்படுத்திய கிரீன் சார்பு, வகையீட்டுச் செயலியின் பொதுமை நேர்மாறேதான். 1912இல் ஹுர்விட்ஸ் அத்தகைய போலி நேர்மாறுகள் எல்லாவற்றையும் இயற்கணித வழியில் கட்டிக் காட்டினார். அணிகளுக்கு மூர் எழுதிய சுருக்கக் குறிப்பு 1920இல்தான் வந்தது. முழு விவரம் வந்ததோ 1935இல், அவர் இறந்து மூன்று ஆண்டுகள் கழித்து. அவருடைய குறியீட்டு முறை யாரையும் கிட்ட அண்டவிடாதது. ஆகவே 1951இல் ஸ்வீடனின் நிலவளவையியலாளர் பியர்ஹாமரும், 1955இல் பென்ரோஸும் அதையே புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. (2020இல் கருந்துளைகளுக்காக இயற்பியல் நோபல் பரிசு பெற்ற அதே பென்ரோஸ்தான்.)

இனி முடிவிலிப் பரிமாணம். முடிவிலி என்றாலே சிக்கல் என்று நினைக்க வேண்டாம் என்பதற்கு முதலில் ஒரு நல்ல பிள்ளையைக் காட்டுகிறேன். வர்க்கங்களின் கூட்டுத்தொகை முடிவுறும் தொடர்வரிசைகளின் வெளியில், வலப்பக்கம் ஒரு இடம் தள்ளும் செயலி: (க₁, க₂, க₃, …) என்பதை (0, க₁, க₂, …) ஆக்குவது. உட்கரு வெறும் பூச்சியம். முதல் இடம் பூச்சியமாக உள்ள தொடர்வரிசைகள்தாம் வீச்சகம், அது மூடியது. த† என்பது இடப்பக்கம் தள்ளுவது. முதல் உறுப்பை உதிர்த்துவிடும். த†த = இ, ஆனால் தத† சமனி அல்ல. சதுர அணியில் ஒருபக்க நேர்மாறு இருந்தால் அது மறுபக்கமும் நேர்மாறுதான், இங்கே அப்படியில்லை. இருந்தாலும் எந்த நோயும் கிடையாது. வ கொஞ்சம் நகர்ந்தால் தீர்வு அதற்கு மேல் நகராது.

இப்போது இன்னொன்று. அதே வெளியில், (க₁, க₂, க₃, …) என்பதை (க₁, க₂/2, க₃/3, …) ஆக்கும் செயலி. பார்க்க இதைவிட எளிய செயலி இல்லை. உட்கரு பூச்சியம், தீர்வு இருந்தால் ஒன்றே ஒன்று, அதுவும் வெறுமனே ன-ஆவது உறுப்பை ன-ஆல் பெருக்கினால் வந்துவிடும். வ = (1, 1/2, 1/3, …) என்று கொடுத்துப் பாருங்கள். வர்க்கங்களின் கூட்டுத்தொகை பை²/6, ஆகவே இது வெளிக்குள் உள்ள திசையன்தான். தீர்வாக வர வேண்டியது (1, 1, 1, …). அது வெளிக்குள் இல்லை!

சரி, அணிகளில் செய்ததுபோல் மீச்சிறு வர்க்கத்துக்குப் போவோமா? முதல் ன இடங்களில் 1, அப்புறம் பூச்சியம் என்று க-வை எடுத்தால், மிச்சப் பிழையின் வர்க்கம் ஏறக்குறைய 1/ன. ன வளர வளரப் பிழை பூச்சியத்தை நெருங்குகிறது, ஆனால் ஒருபோதும் தொடுவதில்லை. இதற்கிடையில் க-வின் நீளம் √ன ஆக வளர்ந்துகொண்டே போகிறது. மீச்சிறு என்று சொல்ல ஒரு புள்ளியே இல்லை. அணிகளில் முதல் படியாகச் செய்தோமே, ‘வீச்சகத்தின் மீது செங்குத்தாக இறக்குவது’, அது இங்கே உடைந்துவிட்டது. மூடிய உள்வெளியின் மீதுதான் செங்குத்தை இறக்க முடியும். இந்த வீச்சகம் வெளி முழுவதையும் அடர்ந்து நெருங்குகிறது, ஆனால் முழுவதும் அல்ல. ஓட்டைகள் நிறைந்த வலை போல.

ஆகவே மூடாத வீச்சகத்துக்கு நேரும் முதல் இழப்பு இது: த† எல்லா வ-க்களுக்கும் வரையறுக்கப்படாது. வீச்சகமும் அதன் செங்குத்து நிரப்பியும் (வீச்சகம் முழுவதற்கும் செங்குத்தான திசையன்களின் தொகுதி) சேர்ந்த பகுதியில் உள்ள வ-க்களுக்கு மட்டுமே மீச்சிறு வர்க்கத் தீர்வு, அதாவது த*த க = த*வ என்ற சமன்பாட்டின் தீர்வு, கிடைக்கும். இரண்டாவது இழப்பு இன்னும் மோசம்: வரையறுக்கப்பட்ட இடத்திலும் த† தொடர்ச்சியற்றது. நல்ல வ ஒன்றின் ஆயிரமாவது உறுப்பில் 0.001 பிழை புகுந்தால் தீர்வில் 1 பிழை. பத்து இலட்சமாவது உறுப்பில் அதே பிழை என்றால் தீர்வில் 1000. அளவீட்டின் எந்தத் துல்லியமும் உங்களைக் காப்பாற்றாது.

இதை ஓர் எண்ணால் பிடிக்கலாம். உட்கருவுக்குச் செங்குத்தாக, நீளம் 1 உள்ள எல்லாத் திசையன்களையும் எடுத்து, த அவற்றை எவ்வளவு சுருக்குகிறது என்று பாருங்கள். அந்த நீளங்களின் கீழ் எல்லையை ம என்போம். ம > 0 எனில் வீச்சகம் மூடியது. மூடியதெனில் ம > 0. அப்போது த†-இன் நார்ம் (அது ஒரு திசையனின் நீளத்தை அதிகபட்சம் எத்தனை மடங்காக்கும் என்ற எண்) சரியாக 1/ம. இந்த ஒரு வரியில் பாதிப் பாடம் அடங்கிவிட்டது. ஒரு திசை பனாக்கின் நேர்மாறுத் தேற்றம், மறுதிசை நேரடிக் கணக்கு. முடிவுறு பரிமாணத்தில் ம எப்போதும் நேர்ம எண். ஏனென்றால் அது பூச்சியமல்லாத சிங்குலர் மதிப்புகளில் (த தன் முதன்மைத் திசைகளில் நீளத்தைப் பெருக்கும் மடங்குகள்) மிகச் சிறியது, முடிவுறு எண்ணிக்கையில் மிகச் சிறியது என்று ஒன்று இருந்தே தீரும். அதனால்தான் அணிப் பாடப் புத்தகத்தில் அந்த வரியே வரவில்லை.

ஆனாலும் நோயின் அறிகுறி அணியிலேயே தெரியும். மூலைவிட்டத்தில் 1, 0.000001 உள்ள அணிக்கு நேர்மாறு 1, 1000000. அந்தச் சிறு எண்ணைப் பூச்சியமாக்கினால் த†-இன் மூலைவிட்டம் 1, 0. செயலி கடுகளவு மாறியதும் பொதுமை நேர்மாறு பத்து இலட்சத்திலிருந்து பூச்சியத்துக்குத் தாவிவிட்டது. கணினி நிரல்கள் ‘இந்த அளவுக்குக் கீழ் உள்ள சிங்குலர் மதிப்புகளைப் பூச்சியமாகக் கொள்’ என்று ஒரு வரம்பைக் கேட்பது இதனால்தான். அந்த வரம்பை நிரலின் முன்னிருப்பிலேயே விட்டுவிடுவது, கணக்கின் மிக முக்கியமான முடிவை வேறு யாரோ எடுக்கும்படி விடுவதற்குச் சமம்.

எந்தச் செயலிகளுக்கு வீச்சகம் மூடாது? பெரிய வகை ஒன்று: காம்பாக்ட் செயலிகள், அதாவது நீளம் வரம்புக்குட்பட்ட எந்தத் திசையன் தொடரையும், குவியும் உட்தொடர் உள்ள தொடராக மாற்றுபவை. வீச்சகம் முடிவிலிப் பரிமாணமுள்ள காம்பாக்ட் செயலிக்கு வீச்சகம் ஒருபோதும் மூடியதாக இராது. மூடியதாக இருந்தால் திறந்த கோர்ப்புத் தேற்றப்படி அந்த வீச்சகத்தின் அலகுக் கோளம் ஒரு காம்பாக்ட் கணத்துக்குள் அடங்கிவிடும். முடிவிலிப் பரிமாணத்தில் அது நடக்காது. வழவழப்பான கருவைக் (தொகையீட்டுக்குள் க-வைப் பெருக்கும் சார்பு; உட்கரு வேறு) கொண்ட தொகையீட்டுச் செயலிகள் எல்லாம் இந்த வகை. மங்கலான படத்தைத் தெளிவாக்குவது, இன்றைய வெப்பநிலையிலிருந்து நேற்றைய வெப்பநிலையைக் கண்டுபிடிப்பது, ஊடுகதிர் அளவீடுகளிலிருந்து உடலின் உட்படத்தைக் கட்டுவது எல்லாம் இந்தக் குடும்பம். வெப்பச் சமன்பாட்டில் நீளம் பை உள்ள கம்பியில் ன-ஆவது அலை ஓர் அலகு நேரத்தில் ஈ-இன் (சுமார் 2.718) அடுக்கு −ன² ஆகச் சுருங்கும். ஐந்தாவது அலையைத் திரும்பப் பெற ஏறக்குறைய 7200 கோடியால் பெருக்க வேண்டும். அப்போது பெருகுவது பெரும்பாலும் கருவியின் இரைச்சல்தான்.

எதிர்ப்பக்கத்தில் ஃபிரெட்ஹோம் கண்ட நல்ல குடும்பம் இருக்கிறது: சமனியிலிருந்து ஒரு காம்பாக்ட் செயலியைக் கழித்தால் கிடைப்பவை. அவற்றின் வீச்சகம் எப்போதும் மூடியது, உட்கரு முடிவுறு பரிமாணம். வ தீர்க்கத்தக்கதா என்பதை, த*-இன் உட்கருவில் உள்ள சில திசையன்களுக்கு வ செங்குத்தா என்று பார்த்தே முடிவு செய்யலாம். வகையீட்டுச் செயலிகளிலும் பல நல்லவை. வரம்பற்றவைதாம், ஆனால் மூடிய வரைபடம் உள்ள, அடர்ந்த சார்பகம் உள்ள செயலிகளுக்கும் மேலே சொன்ன கோட்பாடு அப்படியே செல்லும்.

ஓர் உதாரணத்தை முழுதாகவே செய்துவிடலாம். [0, 1] இடைவெளியில் −க″ = வ, இரு முனைகளிலும் க′ = 0. மாறிலிகள் எல்லாம் உட்கரு. வ-வின் சராசரி பூச்சியமாக இருந்தால் மட்டுமே தீர்வு உண்டு. வ(ந) = ந என்று எடுப்போம். சராசரி 1/2, ஆகவே தீர்வு கிடையாது. த† என்ன செய்யும்? முதல் படி: சராசரியைக் கழித்து ந − 1/2 ஆக்கும். இரண்டாம் படி: தீர்வுகளில் சராசரி பூச்சியமாக உள்ளதைப் பொறுக்கும். தொகையிட்டால்

க(ந) = −ந³/6 + ந²/4 − 1/24

முனைகளில் வகைக்கெழு பூச்சியமா, சராசரி பூச்சியமா என்று சரிபார்த்துக்கொள்ளுங்கள். பூச்சியமல்லாத ஐகன் மதிப்புகளில் மிகச் சிறியது பை², எனவே த†-இன் நார்ம் 1/பை², சுமார் 0.1. வலப்பக்கத்தில் எவ்வளவு பிழை இருந்தாலும் தீர்வில் அதில் பத்தில் ஒரு பங்குதான். ஹில்பர்ட் 1904இல் பேசிய கிரீன் சார்பு இந்த த†-இன் கரு.

வீச்சகம் மூடாதபோது தீர்க்கவே முடியாதா என்ற உங்கள் கடைசிக் கேள்விக்கு வருகிறேன். தீர்க்கலாம், ஆனால் ‘தீர்ப்பது’ என்ற சொல்லின் பொருளைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். வகையிடலை எடுத்துக்கொள்வோம். தொகையிடும் செயலியின் நேர்மாறு அது. தொகையிடல் காம்பாக்ட், ஆகவே வகையிடல் வரம்பற்றது. ஒரு சார்பின் மதிப்புகள் ப என்ற அளவு பிழையோடு கையில் இருக்கின்றன. இரண்டாம் வகைக்கெழு உ-வுக்கு மேல் போகாது என்று தெரியும். ட என்ற இடைவெளியில் இரு மதிப்புகளைக் கழித்து ட-வால் வகுத்தால், பிழை ட·உ/2 + 2ப/ட என்பதற்குள் இருக்கும். ட-வைக் குறைத்தால் முதல் பகுதி குறையும், இரண்டாவது வெடிக்கும். மிகச் சரியான இடம் ட = 2√(ப/உ), அங்கே பிழையின் எல்லை 2√(ப·உ). ப = 0.000001, உ = 1 என்றால் இடைவெளி 0.002, வகைக்கெழுவில் பிழை 0.002 வரை. ஆறு இலக்கத் துல்லியம் மூன்றாகக்கூடத் தேறவில்லை. ‘இன்னும் நெருக்கமாக எடுத்தால் இன்னும் துல்லியம்’ என்று ட-வையும் 0.000001 ஆக்கினால் பிழை 2 வரை போகலாம்!

பொதுவான செயலிக்கு இதே பேரத்தைத் திகோனோவின் சீராக்கம் செய்கிறது. த*த க = த*வ என்பதற்குப் பதிலாக

(த*த + ஆ இ) க = த*வ

என்பதைத் தீர்க்கிறோம், ஆ ஒரு சிறு நேர்ம எண். திகோனோவ் இதை 1963இல் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டில் ஃபிலிப்ஸும் இதையொத்த வழியைத் தந்திருந்தார். சிங்குலர் மதிப்பு ச-வுக்கு த† போடும் பெருக்கம் 1/ச. அந்த இடத்தில் இப்போது வருவது ச/(ச² + ஆ). ச பெரிதானால் இரண்டும் ஏறக்குறைய ஒன்றே. ச பூச்சியத்தை நெருங்கும்போது முன்னது வானத்துக்குப் போகும், பின்னது 1/(2√ஆ)-வைத் தாண்டாது. ஆ பூச்சியத்தை நோக்கிப் போனால், த† வரையறுக்கப்பட்ட இடங்களில் இது த† வ-வை நோக்கிக் குவியும். அதாவது தொடர்ச்சியற்ற ஒரு செயலியைத் தொடர்ச்சியான செயலிகளின் வரிசையால் நெருங்குகிறோம். சீராக்கம் என்ற பெயரில் வரும் முறைகள் எல்லாவற்றுக்கும் உள்ளே இருப்பது இதுதான்.

எவ்வளவு நன்றாக நெருங்கலாம் என்பது உண்மைத் தீர்வைப் பற்றி நமக்கு முன்கூட்டித் தெரிந்ததைப் பொறுத்தது. அது ஏதோ ஒரு திசையன் ந-வுக்கு த*ந என்ற வடிவில் உள்ளது என்று வைத்தால் (வழவழப்பானது என்பதைச் செயலியின் மொழியில் சொல்லும் வழி இது), மொத்தப் பிழை √ஆ‖ந‖/2 + ப/(2√ஆ) என்பதற்குள் வரும். ஆ = ப/‖ந‖ என்று தேர்ந்தால் பிழை √(ப‖ந‖). மேலே வகையிடலில் வந்த அதே வர்க்கமூலம்! பார்த்ததும் தற்செயல்போலத் தோன்றும், ஆனால் ஒரே கணக்கின் இரு உடுப்புகள் அவை. வழவழப்பு எவ்வளவு கூடினாலும் திகோனோவ் முறையில் பிழை ப-இன் 2/3 அடுக்கைவிட வேகமாகக் குறையாது என்பதும் தெரிந்ததே.

ஆ-வைத் தேர்வது எப்படி என்பதில் பலரும் சுலப வழி தேடுவார்கள். மொரோசோவின் விதி நியாயமானது: மிச்சப் பிழை ‖த க − வ‖, அளவீட்டுப் பிழை ப-வின் அளவுக்கு வந்ததும் நிறுத்து, அதற்குக் கீழே இறங்குவது இரைச்சலுக்குப் பொருத்திப் பார்ப்பதுதான். லாண்ட்வெபர் 1951இல் தந்த, படிப்படியாகத் திருத்திக்கொண்டே போகும் முறையிலும் இதே ஞானம் வேண்டும். அங்கே ஆ கிடையாது, எத்தனையாவது படியில் நிறுத்துகிறீர்கள் என்பதே ஆ. முதலில் தீர்வை நெருங்கும், ஓர் இடத்துக்குப் பிறகு விலகிப் போகும். ப என்ன என்று தெரியாமல் தரவை மட்டும் பார்த்து ஆ-வைத் தேர்ந்துவிடலாமா? வீச்சகம் மூடாத செயலிக்கு, எல்லா மோசமான நிலைகளிலும் குவியும் அத்தகைய விதி இருக்கவே முடியாது என்று பகுஷின்ஸ்கி 1984இல் காட்டிவிட்டார். நடைமுறையில் சில விதிகள் நன்றாகவே ஓடுகின்றன. ஆனால் ‘தரவே சொல்லிவிடும்’ என்று யாராவது உறுதி கொடுத்தால் சற்றே சந்தேகப்படுங்கள்.

பனாக் வெளிகளைப் (நீளம் மட்டும் உண்டு, கோணம் கிடையாது) பற்றியும் கேட்பீர்கள் என்பதால் கொஞ்சம். அங்கே செங்குத்து என்பதே இல்லை. வீழல்களை நாமே தேர்ந்தெடுக்க வேண்டும். வரம்புடைய உள் நேர்மாறு இருக்க, வீச்சகம் மூடியதாக இருந்தால் மட்டும் போதாது. உட்கருவுக்கும் வீச்சகத்துக்கும் மூடிய நிரப்பிகள் (ஒவ்வொன்றோடும் சேர்ந்து வெளி முழுவதையும் நிரப்பும், பூச்சியத்தில் மட்டும் அதைத் தொடும் மூடிய உள்வெளிகள்) இருக்க வேண்டும். ஹில்பர்ட் வெளியில் அது இனாமாகக் கிடைத்தது. எல்லா மூடிய உள்வெளிகளுக்கும் மூடிய நிரப்பி உள்ள பனாக் வெளி, ஹில்பர்ட் வெளியோடு உருவொத்ததே என்று லிண்டன்ஸ்ட்ராஸும் சாஃப்ரிரியும் 1971இல் நிறுவினார்கள். இனாம் வேறெங்கும் கிடையாது என்று பொருள். வரம்புடைய தொடர்வரிசைகளின் வெளியை, பூச்சியத்துக்குக் குவியும் தொடர்வரிசைகளால் வகுத்துக் கிடைக்கும் வெளிக்குப் போகும் இயல்பான செயலியை எடுங்கள். அது மேல்கோர்ப்பு, வீச்சகம் முழு வெளி, குறையே சொல்ல முடியாது. ஆனால் அதற்கு வரம்புடைய நேரியல் வலப்பக்க நேர்மாறு இல்லை. அந்த உட்கருவுக்கு நிரப்பி இல்லை என்பது 1940லேயே தெரிந்த செய்தி. வேடிக்கை என்னவென்றால், நேரியல் என்ற நிபந்தனையை விட்டுவிட்டால் தொடர்ச்சியான வலப்பக்க நேர்மாறு எப்போதும் உண்டு. பார்ட்டிலும் கிரேவ்ஸும் 1952இல் நிறுவியது. ஆக மூன்றாவது குறை அங்கே இல்லை. குறை நேரியல்தன்மையில் இருக்கிறது.

தெரியாதது திசையனாக இல்லாமல் செயலியாகவே இருக்கும் சமன்பாடுகளுக்கு ஒரே ஒரு செய்தி சொல்லி நிறுத்துகிறேன். த க = வ என்பதில் க, வ இரண்டும் செயலிகள் என்றால், வ-வின் வீச்சகம் த-வின் வீச்சகத்துக்குள் இருப்பதே வரம்புடைய தீர்வுக்குத் தேவையானதும் போதுமானதும். டக்ளஸ் 1966இல் தந்த தேற்றம் இது. கவனியுங்கள், த-வின் வீச்சகம் மூடியதாக இருக்க வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. த† தொடர்ச்சியற்றதாக இருந்தும் த†வ வரம்புடையதாகிவிடுகிறது. அந்த நிபந்தனை தேவைப்படாத இடமும் உண்டு என்பதற்கு இது நல்ல சான்று.

நடைமுறையில் உங்கள் செயலி எந்தப் பக்கம் என்று எப்படித் தெரிந்துகொள்வது? பலர் செய்வது: செயலியைப் பெரிய அணியாக்கி, கணினியில் பொதுமை நேர்மாறு எடுத்து, அணியின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது. இரைச்சலே இல்லாத தரவுக்குக்கூட இது த† வ-வுக்குக் குவியாமல் போகலாம் என்று சைட்மன் 1980இல் எதிர்க்காட்டு கொடுத்திருக்கிறார். ஆகவே விடையை நம்புவதற்கு முன் சிங்குலர் மதிப்புகளைப் பாருங்கள். (த*த-வை உருவாக்கிப் பார்க்காதீர்கள், அது நிலையின்மை எண்ணை (மிகப் பெரிய, மிகச் சிறிய சிங்குலர் மதிப்புகளின் விகிதம்) வர்க்கமாக்கிவிடும்.) அளவை 100, 200, 400 என்று இரட்டிப்பாக்கி, பூச்சியமல்லாதவற்றில் மிகச் சிறியதைக் குறித்துக்கொள்ளுங்கள். இது நிரூபணம் ஆகாது, ஆனால் நல்ல துப்பு. மேலே செய்த −க″ கணக்கில் அந்த எண் பை²-க்கு, அதாவது 9.87-க்கு அருகிலேயே நிற்கும். தொகையிடும் செயலியில் ஒவ்வொரு இரட்டிப்புக்கும் அது ஏறக்குறையப் பாதியாகிக்கொண்டே போகும்.